படத்தில் நிற்கும் பெண்

பிப்ரவரி 4

பூதக்கண்ணாடி அக்காவுக்கு,

மியூசியத்துப் பொம்மைகளுக்கு அந்தக் காலத்து உடுப்பு தைத்துப் போட உனக்கு நேரம் இருக்கிறது, எனக்கு நாலு வரி எழுதத்தான் கை வரவில்லை. போகட்டும். சண்டை போட இதை எழுதவில்லை. என்ன செய்வதென்று தெரியாமல் முழிக்கிறேன்.

கூடத்தில் மாட்டியிருக்கிற அம்மாவின் பத்தொன்பது வயதுப் படம் இருக்கிறதே, அது தான்தான் என்பது அம்மாவுக்கு மறந்துவிட்டது. "அந்தப் பொண்ணு எவ்ளோ நேரமா வெளியில நிக்கிறா பாரு. குளிர்ல விறைச்சுப் போயிடுவா. உள்ள கூப்பிடுடா" என்கிறாள். அவள் வந்து சாப்பிட்டால்தான் நானும் சாப்பிடுவேன் என்று தட்டைத் தள்ளிவிடுகிறாள். மூன்று வாரமாகக் கொஞ்சம் பாலும் கஞ்சியும்தான் உள்ளே போகிறது. எப்படியாவது சாப்பிட வையுங்கள் என்கிறார் டாக்டர். அந்த எப்படியாவதைத்தான் தேடிக்கொண்டிருக்கிறேன்.

படத்தைப் பிரதி எடுத்து அனுப்பியிருக்கிறேன். அதே மாதிரி கவுன் தைத்துப் போட்டுக்கொண்டு வந்து வாசலில் நில். உனக்கு அம்மாவின் ஜாடை அப்படியே இருக்கிறது. போன தடவை அலமாரியைத் திறந்ததற்கு உன்னைத் திருடி என்று கத்தினாள், நீயும் அன்றைக்கே பையைத் தூக்கிக்கொண்டு போனாய். ஒரு வருஷமாகிறது. அது அம்மா பேசின பேச்சில்லை அக்கா, அவள் நோய் பேசினது.

உன் தம்பி,
வாலு

பிப்ரவரி 21

அன்புள்ள வாலுவுக்கு,

ஐம்பது வயதாகியும் வால் சுருங்கவில்லை உனக்கு.

படத்தைப் பத்து நாள் பார்த்தேன். உயரக் காலர், தோளில் உப்பிய நீளக் கை, முன்பக்கம் பதினோரு பொத்தான். இடது இடுப்பில் துணி ஒரு பக்கமாக இழுபடுகிறது, கவனித்தாயா? அப்படியென்றால் முதுகுப் பக்கம் குண்டூசி குத்தியிருக்கிறார்கள். கையும் விரல் கணு வரை தொங்குகிறது. அது அம்மாவின் கவுனே இல்லை, ஸ்டூடியோவில் வருகிறவர்களுக்கெல்லாம் மாட்டிவிடுகிற பொதுக் கவுன். ஊசி குத்திவிடுமோ என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறாள், பாவம்.

நிறம்தான் பிடிபடவில்லை. பழைய ஃபிலிமில் சிவப்பு கறுப்பாக விழும், நீலம் வெளுத்துப்போகும். கருஞ்சிவப்பு என்று நினைக்கிறேன். அம்மாவிடம் கேட்டு எழுது.

இங்கே புதுக் கண்காட்சிக்கு இன்னும் பதினாறு உடுப்பு பாக்கி. அதனால் கவுனைப் பார்சலில் அனுப்புகிறேன். படத்தில் இருப்பதற்கு ஒரு நூல் கூட மாறாது. உன் மனைவியைப் போட்டுக்கொள்ளச் சொல். உன்னிடம் பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது? கண்காட்சி ஒரு சாக்குதான். எனக்குப் பயமாக இருக்கிறது. இன்னொரு தடவை அந்தச் சொல்லை அவள் வாயால் கேட்க என்னால் முடியாது.

அன்புடன்,
அக்கா

மார்ச் 9

அக்கா,

நிறம் கேட்டேன். "அவ குளிர்ல நிக்கிறா, நீ கலர் கேக்குறியே" என்று திட்டு வாங்கினேன்.

பார்சல் வந்தது. தையல் அசல்தான், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் பத்தொன்பது வயதுப் பெண்ணின் அளவுக்குத் தைத்திருக்கிறாய். என் வீட்டுக்காரிக்குத் தோளிலேயே ஏறவில்லை. உன் அளவுக்குத் தைத்துக்கொண்டு வா என்றுதானே கேட்டேன்? நீ படத்துக்கு அளவெடுத்திருக்கிறாய்.

மாட்டிப் பார்க்க முடியாமல் அதை நாற்காலியில் போட்டுவிட்டுச் சமையலறைக்குப் போனோம். அந்த நேரத்தில் அம்மா எழுந்து வந்துவிட்டாள். கவுனைத் தொட்டுப் பார்த்தாள். அதன் கைக்குள் விரலை விட்டுத் துழாவினாள். பிறகு என்னைப் பார்த்து, "போயிட்டாளாடா? நான்தான் அப்பவே சொன்னேனே, குளிர்ல விறைச்சுப் போயிடுவான்னு" என்றாள்.

இப்போது படத்தின் பக்கமே திரும்புவதில்லை. கவுனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். பிடுங்கவும் மனசு வரவில்லை. இரண்டு நாளாக வெறும் தண்ணீர்தான். உன்னைக் குற்றம் சொல்லவில்லை. சொல்லத் தெம்பில்லை.

தம்பி

மார்ச் 19

என் தம்பிக்கு,

சனிக்கிழமை நான் வந்துபோனதில் உனக்கு எத்தனை சந்தோஷம் என்று பார்த்தேன். மருந்து வாங்கிக்கொண்டு நீ உள்ளே நுழைந்தபோது அம்மாவும் நானும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். நீ பையைக் கீழே போட்டுவிட்டு அழுதாய். அக்காவை அடையாளம் தெரிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டாய். அப்போது உன்னிடம் சொல்ல வாய் வரவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

என் அளவுக்கு வேறொரு கவுன் தைத்து, அதைப் போட்டுக்கொண்டுதான் வந்தேன். பேருந்தில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். வாசலில் நான் நின்றதும் அம்மா தடுமாறி எழுந்தாள். என் முகத்தையும் கவுனையும் மாறி மாறிப் பார்த்தாள். "வாங்க, உக்காருங்க" என்றாள். பிறகு என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"நீங்க அந்தப் பொண்ணோட அம்மாதானே? பாத்ததுமே தெரிஞ்சுது. மன்னிச்சுடுங்க. உள்ள கூப்பிடுங்கன்னு எல்லார்கிட்டயும் கெஞ்சினேன். யாரும் கேக்கல" என்றாள்.

நான் உங்கள் மகள் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லியிருந்தால் மறுபடி திருடி ஆகியிருப்பேனோ என்னவோ. "பரவாயில்லம்மா, உங்க மேல தப்பில்ல" என்றுதான் சொன்னேன். அதுவரை மடியில் வைத்திருந்த கவுனை எடுத்து நீவி மடித்து என் கையில் கொடுத்தாள். "வெறும் வயித்தோட போகாதீங்க" என்று தட்டு வைத்தாள். வந்தவளைத் தனியாகச் சாப்பிட விடக்கூடாது என்பதற்காகத்தான் அவளும் சாப்பிட்டாள். வேறு காரணம் இல்லை, தம்பி.

நூறு வருஷத்துப் படத்தைக் கொடுத்தாலும், ஊசி எங்கே குத்தியது என்று சொல்லிவிடுவேன். என்னைப் பெற்றவள் என் முகத்தில் என்ன பார்க்கிறாள் என்பதை மாற்ற எனக்கு வழி தெரியவில்லை.

இனி சனிக்கிழமைதோறும் வருகிறேன். கண்காட்சியை மியூசியத்துக்காரர்கள் பார்த்துக்கொள்ளட்டும். அம்மா இரண்டு வாய் சாப்பிட்டால் போதும். ஒன்று மட்டும் ஞாபகம் வைத்துக்கொள். அம்மா முன்னால் என்னை அக்கா என்று கூப்பிட்டுவிடாதே.

உன்,
அக்கா