எலிக்கு வலி போன கதை

ஆடி, ஞாயிறு. தென்காசி.

அப்பாவிடம் என் ஆராய்ச்சியைச் சொல்லியிருக்கவே கூடாது. நரம்பில் கொழுப்பு அமிலம் வந்து ஒட்டும் ஏற்பி ஒன்று உண்டு, அதைத் தூண்டினால் தீராத வலி குறையலாம் என்றேன். ஓய்வுபெற்ற போலீஸ்காரருக்குக் கொழுப்பு மட்டும்தான் காதில் விழுந்திருக்கிறது.

காலையில் குற்றாலம் ஐந்தருவியில் தன் வலிக்கிற முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்துவிட்டவரிடம், "அண்ணாச்சி, எண்ணெய நல்லா ஊத்துங்க. கொழுப்பு உள்ள போனா வலி போயிரும்னு எம்மவ கண்டுபிடிச்சிருக்கா" என்று அறிவித்தார். அக்கம்பக்கத்தில் நாலு பேர் என்னிடம் முழங்காலைக் காட்டினார்கள்.

"அப்பா, அது எண்ணெய் தேய்க்கிறது இல்ல. மருந்து இன்னும் எலிக்குத்தான் கொடுத்திருக்கோம்."

"எலிக்கு வலி போயிட்டா?"

"போயிட்டுப்பா."

"அப்ப எனக்கும் கொடு. அந்த எலி இப்ப எப்படி இருக்கு?"

பொய் சொல்ல வரவில்லை. "கொன்னுதான் அதோட நரம்பச் சோதிச்சோம்."

தேய்த்துக்கொண்டிருந்த கை நின்றது. அப்பா வேட்டியை இறக்கிவிட்டார். "வலி பாட்டுக்கு இருக்கட்டும்ட்டி."

வீட்டுப் படியைச் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் ஏறினார். என்னால் பார்க்கவே முடியவில்லை.

சாப்பிட்டு எழுந்ததும் மெல்லக் கேட்டார்: "ஏட்டி, கொல்லாமச் சோதிக்க வழியே இல்லியா?"