கூட்டம் எந்த நாள் என்று கேட்டீர்கள்

என் பிரியமான மாமா,

உங்கள் இந்தோனேசியாவில் ஜனாதிபதி பதவி விலகிவிட்டார். வேறு எதையும் எழுதுமுன் இதைச் சொல்லிவிட வேண்டும். நேற்றுக் காலை தொலைக்காட்சியில் காட்டினார்கள். நாடாளுமன்றக் கூரையில் மாணவர்கள் ஏறி நின்றார்கள். அடுப்பை நிறுத்திவிட்டு உங்கள் அறைப்பக்கம் ஓடினேன். யாரிடம் சொல்ல ஓடினேன்?

அங்கே மேடானில் தமிழ்த் தோட்டத் தொழிலாளியின் மகனாகப் பிறந்து, டச்சுக்காரரின் பள்ளிக்கூடத்தில் படித்து, ஹொலண்டுக்குக் கப்பலேறிச் சட்டம் கற்றவர் நீங்கள். இந்தோனேசியாவுக்குத் திரும்பித் தேர்தலில் வென்று, கல்வித் துணை அமைச்சராகவும் இருந்தீர்கள். ஆட்சியைப் பிடித்த ராணுவத்தை ஆதரித்துக் கையெழுத்து வைக்க மறுத்ததால் விசாரணையின்றிச் சிறை. சிறு வயதிலேயே கனடாவுக்கு அனுப்பிய மகனிடம் வந்து சேர்ந்தபோது உங்களுக்கு நரைத்திருந்தது.

யாழ்ப்பாணத்திலிருந்து அகதியாக வந்து அந்த மகனைக் கட்டிய என்னிடம், நீங்கள் சிறையைப் பற்றி ஒருநாளும் பேசவில்லை. தேர்தலைப் பற்றித்தான் பேச்சு. "ஒரு தடவை ஓட்டுப் போட்ட ஜனங்க அத மறக்க மாட்டாங்கம்மா" என்பீர்கள்.

மாசியில் பக்கவாதம் வந்தது. தமிழும் ஆங்கிலமும் உங்களை விட்டுப் போயின. இந்தோனேசிய மொழி மட்டும் மிஞ்சியது. மகனுக்கு அது எப்போதோ மறந்துபோயிருந்தது. தண்ணீர் கேட்கிறீர்களா, வலிக்கிறது என்கிறீர்களா, எனக்கு விளங்கவில்லை. கையைப் பிடித்துக்கொண்டு, "ஓம் மாமா, ஓம்" என்றேன். எதற்குத் தலையாட்டி ஓம் சொன்னேனோ?

அந்த நேரம் பார்த்துத்தான் உங்கள் பழைய சகா ஒருவர் ஜகார்த்தாவிலிருந்து ஆஸ்பத்திரிக்கே போன் எடுத்தார். ஆட்சி ஆட்டம் காண்கிறது, புதுச் சட்டம் எழுத நீங்கள் வரவேண்டும் என்றார். ஆங்கிலத்தில் நிலைமையைச் சொன்னேன். உங்கள் குரலையாவது கேட்க வேண்டும் என்று கெஞ்சினார். ரிசீவரை உங்கள் காதில் வைத்தேன். நெடுநேரம் கேட்டுவிட்டு, தெளிவாக ஏதோ சொன்னீர்கள். ரிசீவரை என் காதுக்கு எடுத்தேன்.

மாமா என்ன சொன்னார் என்று சகாவிடம் கேட்டேன்.

"வருகிறேன், கூட்டம் எந்த நாள் என்று கேட்கிறார்."

பிறகு ஆஸ்பத்திரிச் சட்டையைப் பிடித்து இழுத்தீர்கள். வீட்டிலிருந்து உங்கள் வெள்ளைச் சேர்ட்டைக் கொண்டுவந்து போட்டு, பொத்தானைப் பூட்டிவிட்டேன். வேறு என்ன செய்ய முடிந்தது என்னால்? பங்குனி பிறக்குமுன் போய்விட்டீர்கள்.

அங்கே கடைகள் எரிவதையும் காட்டினார்கள், மாமா. சீனர்களின் கடைகளாம். எண்பத்துமூன்றில் தமிழர் கடைகள் எரிந்தபோது கொழும்பில் நான் பார்த்த அதே புகை. எரித்ததும் நீங்கள் நம்பிய ஜனங்கள்தானா? இதற்கு என்ன பதில் சொல்லியிருப்பீர்கள்?

இன்று அந்தச் சகா மறுபடியும் அழைத்தார். உங்கள் பெயரைச் சொல்லவே இதுவரை பயந்தவர்கள், இப்போது ஜகார்த்தாவில் உங்களுக்கு நினைவுக் கூட்டம் வைக்கிறார்களாம். மகன் வந்து பேச வேண்டுமாம். போனை வைத்துவிட்டு உங்கள் மகன் என்னிடம் திரும்பினார்.

"அப்பான்ர பாஷையில எனக்கு ஒரு சொல்லும் வராது."

"பேச வேண்டாம். போவம்" என்றேன்.

போகிறோம், மாமா. பேசத் தெரிந்தவர்கள் பேசட்டும். ஒன்றும் விளங்காவிட்டாலும், கடைசி ஆள் பேசி முடிக்கும்வரை இருந்து கேட்டுவிட்டுத்தான் எழும்புவோம்.

உங்கள் மருமகள்,
வதனி
அஜின்கோர்ட், கனடா