வலது காதுக்குப் போன வயலின்

அன்பின் ஸ்டெல்லா மதினி,

இந்த வருஷத்து அரைப்பரீட்சை முடிவைச் சொல்ல எழுதுகிறேன். ஜூன் கடைசிக்குள் முடித்திருக்க வேண்டும். இப்போது ஆடிக் காற்று அடிக்கிறது, பஸ்ஸில் சன்னல் ஓரம் உட்கார முடியவில்லை. ஆனாலும் சாயங்காலம் அங்கேதான் உட்காருகிறேன். சன்னல் காற்று பட்டாலே தலை வலிக்கிறது என்று எழுந்துவிடும் நானா என்று கேட்பீர்கள். நானேதான். ஏன் என்று சொல்கிறேன், செத்த பொறுங்கள்.

உங்களை அறியாதவர்களும் இதைப் படிப்பார்கள். அவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். கன்னிவாடியில் எங்கள் எதிர்வீட்டுச் சவரி அண்ணனுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவர் நீங்கள், அதனால் எனக்கு மதினி. பின்னால் இரண்டு குடும்பமும் திண்டுக்கல் நாகல் நகருக்குக் குடிவந்துவிட்டோம். வேலை மட்டும் கன்னிவாடிப் பள்ளிக்கூடத்தில். உங்களுக்கு வேதியியல், எனக்குக் கணக்கு. நாகல் நகரிலிருந்து ஆட்டோவில் பஸ் ஸ்டாண்டு, அங்கிருந்து ஒரே பஸ், ஒரே சீட்டு, ஒரே இயர்போன். நீங்கள் சன்னல் பக்கம், நான் நடைபாதைப் பக்கம். உங்கள் வலது காதிலும் என் இடது காதிலும் ஒயர் தொங்கும். இறங்கும்போது ஒருத்தி முந்திவிட்டால் மற்றவள் காது பிய்ந்துவிடும்.

டிரைவர் சினிமாப் பாட்டுப் போடுவார். நாம் கேட்டது இண்டி ராக். அது என்ன மிஸ் என்று ஸ்டாஃப் ரூமில் தமிழ் டீச்சர் கேட்டார்கள்.

"படத்துக்குன்னு இல்லாம, எந்தக் கம்பெனியும் சொல்லாம, நாலு பேரு கிடாரத் தூக்கிக்கிட்டு அவங்க பாட்டுக்குப் போடுற பாட்டு" என்றீர்கள்.

"அவங்க பாட்டுக்குப் போட்டா நீங்க எதுக்குக் கேக்குறீங்க?"

"நாங்க எங்க பாட்டுக்குக் கேக்குறோம்."

அந்த டீச்சர் இன்னும் அதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள். சிரித்து முடித்ததும் உங்கள் நாற்காலியைப் பார்க்கிறார்கள்.

ஒரு பயணத்துக்கு ஓர் ஆல்பம். நடுவில் ஒரு பாட்டைக்கூடத் தாண்டக் கூடாது. மலை கிட்டே வந்து பஸ் ஊருக்குள் திரும்பும்போது ஆல்பம் முடிய வேண்டும். அதற்கு மேலும் நீண்டால் மார்க் குறையும், 'பாடத்த நேரத்துக்கு முடிக்கத் தெரியல' என்பீர்கள். ஜூன் மாதம் அந்தோணியார் திருவிழா முடிந்த கையோடு, அதுவரை வந்த ஆல்பங்களுக்கு ராங்க் போடுவோம். அதுதான் நம் அரைப்பரீட்சை. முதல் ராங்க் மட்டும் இரண்டு பேரும் ஒத்துக்கொண்டால்தான். ஒரு வருஷமாவது சண்டையில்லாமல் ஒத்துக்கொண்டிருக்கிறோமா?

என்ன சண்டை! ஒரே பாட்டை அடுத்தடுத்து உட்கார்ந்து கேட்டுவிட்டு, அதில் வயலின் இருக்கிறது என்று நீங்கள் சொல்வீர்கள். இல்லவே இல்லை என்பேன் நான்.

"ஏ புள்ள, மூணாவது பாட்டு முழுக்க வயலின் அழுகுது. உனக்குக் காது என்ன அடைச்சுப் போச்சா?"

"மதினி, வயலின் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. கிடாரு ரெண்டு, அம்புட்டுத்தேன்."

"கிடாரா? கிடாரே இல்லையேடி அதுல!"

கண்டக்டர் டிக்கெட் கிழிப்பதை நிறுத்திவிட்டு நம்மைப் பார்ப்பார்.

போன ஆவணியில் நெஞ்சு வலிக்கிறது என்று படுத்த நீங்கள் எழவில்லை. அதைப் பற்றி எழுதப் போவதில்லை. அது உங்களுக்கே தெரியும், மற்றவர்களுக்குத் தெரிய வேண்டியதில்லை. அதன்பிறகு பஸ்ஸில் என்ன நடந்தது என்பதுதான் உங்களுக்குத் தெரியாது.

அதே இயர்போனை நான் வைத்துக்கொண்டேன். ஒன்றை இடது காதில் மாட்டினேன். மற்றதை மாட்ட மனசு வரவில்லை. அது உங்களுடையது. தோளில் தொங்கவிட்டேன். யாராவது சன்னல் பக்கம் வந்து உட்கார்ந்தால் அதை எடுத்து மடியில் வைத்துக்கொள்வேன். பழைய பாட்டுகளைக் கேட்டு மார்கழி வரை ஓட்டிவிட்டேன். தை பிறந்ததும் புதுசு வர ஆரம்பித்தது. அப்போதுதான் பயம் வந்தது, மதினி. நீங்கள் கேட்காத பாட்டை நான் மட்டும் கேட்பதா? ஒரு புது ஆல்பத்தைக் கேட்டு முடிக்கும்போது, நீங்கள் நின்றுவிட்ட இடத்திலிருந்து பஸ் இன்னும் கொஞ்சம் தள்ளிப் போனது போல இருந்தது.

ஆனாலும் கேட்டேன். விட முடியவில்லை.

சென்னைப் பையன்கள் 'எட்டாம் நடைமேடை' இரண்டாவது ஆல்பம் போட்டிருக்கிறார்கள். பெயர் 'தண்ணி லாரி'. தமிழ்ப் பாட்டுகள். முதல் ஆல்பத்தில் கத்திக்கொண்டிருந்த பையன் இதில் பேசுகிற மாதிரிப் பாடுகிறான். தெருவில் குடம் வரிசை வைத்துவிட்டு லாரிக்குக் காத்திருக்கிற நேரம்தான் மொத்த ஆல்பமும். லாரி கடைசிவரை வரவில்லை. நன்றாக இருந்தது, ஆனால் ஏதோ குறைந்தது. பாட்டுக்கு நடுவில் ஆள் இல்லாத வீட்டைப் போல வெற்றிடங்கள்.

கடலோரத்து வெளிநாட்டுக்காரர் ஒருவர், பகலில் துறைமுகத்தில் வேலை பார்த்துவிட்டு வீட்டிலேயே பாடிப் பதிவு செய்கிறவர், அவருடைய ஆல்பமும் வந்தது. நம் பயணத்தைவிட நீளம். பள்ளிக்கூட மணி அடித்தபிறகும் பாடிக்கொண்டிருந்தார். நீங்கள் ஃபெயில் போட்டிருப்பீர்கள்.

ஷில்லாங்கிலிருந்து நான்கு பெண்கள். எல்லாருக்கும் நம் வயது இருக்கும். 'டின் ரூஃப் ஆன்ட்டீஸ்' என்று பெயர் வைத்துக்கொண்டிருக்கிறார்கள். அதைக் கேட்டதும் உங்களிடம் சொல்ல வாயைத் திறந்துவிட்டேன். பக்கத்தில் சந்தைக்கு ஆடு வாங்கப் போகிற பெரியவர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். "என்னம்மா?" என்றார். "ஒண்ணுமில்லங்கய்யா" என்றேன். அவர்களுடைய ஆல்பத்திலும் அதே குறை. ஒரு பெண் கேள்வி கேட்கிறாள், பதில் இல்லை. அவள் மறுபடி கேட்கிறாள், மறுபடி மௌனம். துக்கத்தில் என் காதுதான் கெட்டுப்போய்விட்டது என்று முடிவு செய்தேன். இந்த வருஷம் பரீட்சை கிடையாது, இனி எந்த வருஷமும் கிடையாது என்றும் முடிவு செய்தேன்.

அந்தோணியார் திருவிழாவுக்கு முந்தின நாள் மத்தியானம் சவரி அண்ணனுக்குச் சாப்பாடு கொண்டுபோனேன். கமிட்டியில் அவர்தான் இந்த வருஷம் பந்தல் பொறுப்பு. கோயில் முற்றத்தில் ஸ்பீக்கர் பெட்டிகளை இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்கு அடுக்கியிருந்தார்கள். மைக் செட்காரர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். அண்ணன் தனியாக நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். இளைத்துவிட்டார், மதினி. தொட்டுக்கொள்ள வெஞ்சனம் என்ன என்று தூக்குவாளியைத் திறந்து பார்த்தார், மூடி வைத்தார்.

"ஏத்தா கலா, ஒன் போன்ல ஒரு பாட்டுப் போடு. பொட்டி ரெண்டும் பேசுதான்னு பாத்துச் சொல்லச் சொன்னாங்க."

"சாமி பாட்டு ஒண்ணும் இல்லண்ணே எங்கிட்ட."

"அந்தோணியாரு கோவிச்சுக்க மாட்டாரு. நீயும் அவளும் கேப்பீகல்ல, அந்த இழவப் போடு."

மைக் செட்டிலிருந்து தொங்கிக்கொண்டிருந்த ஒயரைப் போனில் சொருகி, 'டின் ரூஃப் ஆன்ட்டீஸ்' போட்டேன்.

எப்படிச் சொல்வது? இடது பக்கப் பெட்டியிலிருந்து அந்தப் பெண் கேள்வி கேட்டாள். நான் தை மாதத்திலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிற அதே கேள்வி. நான் மௌனத்துக்குத் தயாராக நின்றேன். முற்றத்தின் அந்தக் கோடியிலிருந்து, வலது பக்கப் பெட்டியிலிருந்து, இன்னொரு பெண் பதில் சொன்னாள்.

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. இரண்டு குரலும் ஒன்றையொன்று பார்த்து நடந்து வந்து முற்றத்தின் நடுவில் சந்தித்தன. பின்னாலேயே வயலின் வந்தது. வயலின், மதினி! வெயிலில் காய்ந்த பந்தல் ஓலை அதிர்ந்தது. புறாக்கள் கோபுரத்திலிருந்து கிளம்பி ஒரு சுற்றுச் சுற்றின. உலகம் இத்தனை அகலமாக இருந்திருக்கிறது, நான் இத்தனை நாளும் அதன் ஒரு கதவை மட்டும் திறந்து வைத்துக்கொண்டு பார்த்திருக்கிறேன். முற்றத்தின் நடுவில் போய் நின்றுகொண்டேன். கை தானாகக் கும்பிட்டது.

இயர்போனில் எல், ஆர் என்று எழுத்து இருக்குமே, அது காதின் வளைவுக்கு ஏற்றபடி மாட்டுவதற்கு என்றுதானே நினைத்திருந்தோம்? செருப்பில் இடது வலது போல. வீட்டில் என்றால் அடுப்படியில் ஒற்றை ஸ்பீக்கர், அதுவும் குக்கர் சத்தத்துக்கு நடுவில். பி.எஸ்ஸி., எம்.எஸ்ஸி. படித்த இரண்டு டீச்சர்கள், ஒரு பாட்டை நீள வாக்கில் பிளந்து ஆளுக்குப் பாதியாகக் கேட்டுவிட்டு, யார் சொல்வது சரி என்று வருஷக்கணக்கில் சண்டை போட்டிருக்கிறோம். இரண்டு பேர் சொன்னதும் சரி!

"அண்ணே, இந்தப் பக்கம் ஒண்ணு, அந்தப் பக்கம் வேற ஒண்ணு கேக்குதுண்ணே" என்றேன்.

அண்ணன் என்னையே பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். நீங்கள் போனபிறகு அவர் சிரித்து நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"இப்பத்தேன் தெரியுதாக்கும்? அவளுக்கு எப்பவோ தெரியும்."

"என்னது?"

"ஒனக்கு மஞ்சக்காமாலை வந்து படுத்திருந்தேல்ல, அப்ப. ஒத்தையில போனவ ரெண்டையும் மாட்டிக் கேட்டிருக்கா. சாயந்தரம் வந்து பையக்கூட வைக்கல. 'என்னங்க, இம்புட்டு நாளா நாங்க பாதிப் பாட்டத்தேன் கேட்டிருக்கோம்'னு ஒரே ஆட்டம். எனக்கு அந்தக் கருமமெல்லாம் என்னத்தத் தெரியும்? சரி, கலாகிட்டச் சொல்லுன்னேன். மாட்டேன்னுட்டா."

"ஏண்ணே?"

"'சொன்னா அவ தனியா ஒண்ணு வாங்கிக்குவா. நானும் தனியா ஒண்ணு வாங்கணும். ஆளுக்கு ரெண்டு காதையும் அடைச்சுக்கிட்டு ஆளுக்கொரு பக்கம் பாத்துட்டுப் போவோம். அப்புறம் எங்கூடச் சண்ட போட யாரு இருக்கா?'ன்னா."

கள்ளி மதினி.

எனக்குக் காமாலை வந்தது எப்போது? அந்த வயலின் சண்டை அதற்குப் பிறகுதானே? தெரிந்தேதானே என் காது அடைத்துவிட்டது என்றீர்கள்? கண்டக்டர் பார்க்கும்போது சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டீர்களே, அது சிரிப்பை மறைக்கவா? அதெல்லாம் போகட்டும். முழுப் பாட்டு எப்படி இருக்கும் என்று தெரிந்தபிறகும், மறுநாள் காலையில் பாதியை எடுத்து என்னிடம் நீட்டினீர்களே, அதை எப்படிச் செய்தீர்கள்? கோயில் முற்றத்தில் ஒரே ஒரு தரம் முழுசாகக் கேட்ட எனக்கு, அது எவ்வளவு பெரியது என்று தெரிகிறது. வருஷக்கணக்கில் தினமும் இரண்டு வேளை அதை விட்டுக்கொடுத்தீர்கள். பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருந்த எனக்குத் தெரியவே இல்லை.

இன்னொன்றும் ஞாபகம் வந்தது. "ஏ கலா, இன்னைக்கு ஒரு நாளு நீ சன்னல் பக்கம் ஒக்காரேன்" என்று பல தடவை கூப்பிட்டிருக்கிறீர்கள். காற்று ஆகாது என்று நானும் ஒவ்வொரு தடவையும் மறுத்தேன். இடம் மாறினால் காதும் மாறியிருக்கும். வயலின் எனக்கு வந்திருக்கும். காட்டிக்கொடுக்கத்தான் கூப்பிட்டீர்களா? இல்லை, எனக்கும் அது ஒரு தரம் கிடைக்கட்டும் என்றா?

மைக் செட்காரர்கள் வரும்வரை ஆல்பம் முழுவதையும் ஓடவிட்டோம். அண்ணன் தூக்குவாளியைத் திறந்து சாப்பிட ஆரம்பித்தார். கடைசிப் பாட்டின்போது, "நல்லாத்தேன் இருக்கு. எனக்கு ஒரு நாளும் போட்டுக் காட்டலையே அவ" என்றார்.

இப்போது நான் செய்வது இதுதான். காலையில் என் இடத்தில் உட்கார்ந்து இடது காதில் கேட்கிறேன். சாயங்காலம் உங்கள் இடத்தில், சன்னல் ஓரம், வலது காதில் அதே ஆல்பத்தைக் கேட்கிறேன். தலை வலிக்கத்தான் செய்கிறது, துண்டு கட்டிக்கொள்கிறேன். நீங்கள் எதைக் கேட்டிருப்பீர்கள் என்று இப்போது எனக்குத் தெரியும். ஊகம் இல்லை, அப்படியே அந்தச் சத்தம். புதுப் பாட்டு உங்களைத் தாண்டிப் போய்விடவில்லை, மதினி. பாதி உங்களுக்கென்றே வந்து இறங்குகிறது.

முடிவைக் கேளுங்கள். துறைமுகக்காரர் மூன்றாவது. வலது காதில் அவர் வீட்டுக் கடிகாரச் சத்தம் கேட்கிறது, அதனால்தான் ஃபெயில் போடவில்லை. முதல் ராங்க்? என் காது 'டின் ரூஃப் ஆன்ட்டீஸ்' என்கிறது. உங்கள் காதோ 'தண்ணி லாரி' என்கிறது. ஏனென்றால் நான் கேட்ட வெற்றிடங்களில் எல்லாம், உங்கள் பக்கத்தில், தூரத்தில் லாரி வந்துகொண்டிருக்கிறது. என் பக்கம் கடைசிவரை வராத லாரி, உங்கள் பக்கம் வந்துவிட்டது. குடத்தில் தண்ணீர் விழுகிற சத்தத்தோடு ஆல்பம் முடிகிறது.

ஆக, இந்த வருஷமும் நாம் ஒத்துப்போகவில்லை. முதல் ராங்க் நிறுத்திவைக்கப்பட்டிருக்கிறது.

டிசம்பரில் முழுப்பரீட்சை இருக்கிறது, விட்டுக்கொடுக்க மாட்டேன். நீங்களும் கொடுக்காதீர்கள். இரண்டு காதிலும் சேர்த்து மாட்ட மாட்டேன் என்று வாக்குத் தருகிறேன். முழுசாகக் கேட்க வருஷா வருஷம் அந்தோணியார் திருவிழாவுக்கு முந்தின மத்தியானம் இருக்கிறது. அன்றைக்கு அண்ணனுக்குச் சாப்பாடு என் பொறுப்பு, பாட்டும் என் பொறுப்பு. வலது பக்கப் பெட்டியின் முன்னால் ஒரு நாற்காலி போட்டு வைப்பேன்.

காது அடைத்துப்போன உங்கள் நாத்தனார்,
கலா