பாலை மரத்தின் மறுபக்கம்

என் ஆசை அண்ணைக்கு,

தமிழ்நாட்டு முகாமை விட்டு ஊருக்குத் திரும்பிவிட்டோம். அடம்பன் காணியில் நாலு சுவர்தான் மிச்சம், மேலே கூரைக்குப் பதிலாகத் தரப்பாள் விரிப்பு. மாரிக்கு முன்னம் கூரை போடாவிட்டால் பிள்ளைகள் நனைவார்கள். காணியில் நிற்கிற ஒரே நல்ல மரம் அந்தப் பாலைதான். ஷெல்லடிக்குள் உங்கள் உடலை அதன் வேரடியில் அவசரமாகக் குழி வெட்டித் தாட்டுவிட்டு ஓடினோமே, அதே பாலை.

மரத்தை வாங்கி அறுக்கிற மரக்காலைக்காரர் வர முன்னம் நானே அளக்கப் போனேன். உங்களோடு எத்தனை மரம் அளந்தவள்! நெஞ்சு உயரத்தில் நாடாவைச் சுற்றினேன். சுற்றளவில் கால்வாசியை அதே தொகையால் பெருக்கி, நீளத்தாலும் பெருக்கினேன். கூரை முழுவதுக்கும் தாராளமாகக் காணும்.

பிறகு கோடாலியின் பின்பக்கத்தால் தட்டினேன். முந்தி நான் தட்ட, நீங்கள் மறுபக்கம் காதை வைத்துக் கேட்பீர்கள். உள்ளே உளுத்து வெறும் கோறை என்றால் உள்ளங்கையால் ஒரு அடி அடிப்பீர்கள்.

டக்கென்று இறுகிய சத்தம். முழு வைரம். உடனே மறுபக்கத்தில் உள்ளங்கை அடி ஒன்று விழுந்தது.

சுற்றி ஓடிப் பார்த்தேன். ஒரு ஆடுகூட அங்கே இல்லை.

அண்ணை, ஒரு அங்குலம் கூட்டிச் சொல்லாத மனிசன் நீங்கள். நல்ல மரத்தைக் கோறை என்று ஏன் சொன்னீங்கள்? வேரை அசைத்தால் உங்களுக்கு நோகுமா?

மரக்காலைக்காரர் வந்ததும் என் வாய் முந்திவிட்டது.

"இது கோறை தம்பி, விடுங்கோ."

என் மனிசன், உங்கள் மச்சான், பாய்ந்தார். "உனக்கென்ன விசரே? இப்பதானே வைரம் எண்டு சொன்னனீ? பிள்ளையளை எங்க படுக்க வைக்கிறது?"

"பொறுங்கோ ஐயா, நான் தட்டிப் பாக்கிறன்" என்று மரக்காலைக்காரர் கோடாலியைத் திருப்பினார்.

டொம். வெறும் பீப்பாயில் தட்டினதுபோல. அவர் சட்டென்று கையை இழுத்துக்கொண்டார்.

"அக்கா சொன்னது சரி. உள்ளுக்கு ஒண்டும் இல்லை."

இருவரும் வாசல் படலையைத் தாண்டும் வரை நின்றேன். பிறகு மறுபடி தட்டினேன். டக். முழு வைரம்! சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. பயமும் வந்ததுதான், ஏன் மறைப்பது?

இந்த மாரிக்கு ஓலை போட்டுச் சமாளிக்கிறோம். உங்கள்மேல் ஒரு கோடாலியும் விழாது. ஆர் வந்து கேட்டாலும் நான் இந்தப் பக்கம் நின்று பொய் சொல்லுவேன். மறுபக்கத்தை நீங்கள் பாருங்கோ.

நாடாவின் மற்ற நுனியைப் பிடித்திருக்கும்
உங்கள் தங்கச்சி பூமணி