ஒருவருக்குப் போதுமான கொய்னா

என் கனகம் அக்கா,

நீ போன பிறகு இந்த வீட்டில் எனக்குப் பேச்சுத்துணைக்கு ஆள் இல்லை. வீட்டுக்கார அம்மா நல்லவர்தான். ஆனால் மலாக்காச் செட்டிக் குடும்பம் அல்லவா, நம்மைப் போலவே சாமி கும்பிடுவார், விபூதி பூசுவார், தமிழ் மட்டும் வராது. "சபார், சபார்" என்று மலாயில் சொல்லி என் முதுகைத் தடவுவார். பொறுத்துக்கொள் என்கிறார். தமிழில் அழுவதற்கும் எனக்கு ஓர் ஆள் வேண்டாமா?

அதனால்தான் உனக்கு எழுத உட்கார்ந்தேன். நீ படிக்கப்போவதில்லை, தெரியும். இருந்தபோது மட்டும் நான் சொன்னதைக் காதில் போட்டுக்கொண்டாயா என்ன?

ஊர்ச் செய்தி கேள். நம் காஜா பேராங் தெருவில் பூச்செடி இருந்த இடமெல்லாம் இப்போது மரவள்ளிதான். காலையில் கிழங்கு, ராத்திரியும் கிழங்கு. சயாமுக்கு ரயில் போட ஆள் பிடிக்கும் ஜப்பான்காரன் லாரி வந்தால் ஆண்பிள்ளைகள் ரப்பர் காட்டுக்குள் ஓடிவிடுகிறார்கள். உன் ஆஸ்பத்திரி வெள்ளைக் கவுனைக் கிழித்துப் புண்ணுக்குக் கட்டுத்துணி ஆக்கிவிட்டேன். கோபித்துக்கொள்ளாதே, நீயாக இருந்தால் என் கவுனை எப்போதோ கிழித்திருப்பாய்.

இன்னொரு செய்தியை நீ நம்பமாட்டாய். உன் ஆஸ்பத்திரி டாக்டரும் என் ஆஸ்பத்திரி டாக்டரும் பேசிக்கொள்கிறார்கள். உன்னை எரித்த அன்றைக்குச் சுடலையில் பக்கத்தில் பக்கத்தில் நின்றவர்கள், அங்கேயே பேசத் தொடங்கினார்கள். இப்போது உன் டாக்டர் தண்ணீர் விடும் ரப்பர்க் குழாயை வெட்டி டயராக மாட்டிய சைக்கிளில் தடதடவென்று எங்கள் ஆஸ்பத்திரிக்கே வருகிறார். ஜப்பான் சண்டைக்கு முன்னால் நினைத்துப் பார்த்திருப்போமா?

அப்போது அவர்கள் எப்படி இருந்தார்கள்! ஒரே ஊரில் இரண்டு சின்ன ஆஸ்பத்திரிகள், உன்னுடையது தெங்கேரா பக்கம், என்னுடையது இந்தப் பக்கம். அங்கே போன நோயாளி இங்கே வந்தால் என் டாக்டருக்குத் தீபாவளி. இங்கிருந்து ஒருவர் அங்கே போய்விட்டால் அன்றைக்கு முழுக்க முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடிக்கும். நாம் இருவரும் ஆளுக்கொரு ஆஸ்பத்திரியில் நர்ஸ் மிஸ்ஸியாக இருந்துகொண்டு, ஒரே பாயில் படுத்துக்கொண்டு, ஆஸ்பத்திரிப் பேச்சை வீட்டுக்குள் எடுக்கக் கூடாது என்று வைத்திருந்தோம்.

ஜப்பான்காரன் வந்தான். பெரிய ஆஸ்பத்திரிப் பக்கம் போகச் சனங்களுக்குப் பயம். குளிர்காய்ச்சல்காரர்கள் எல்லாரும் நம் இரண்டு இடங்களுக்கும்தான் வந்தார்கள். அந்தக் காய்ச்சலுக்கு இருந்த ஒரே மருந்தான கொய்னாவோ கையிருப்பில் கொஞ்சம்தான். என் டாக்டர் தன்னிடம் இல்லை என்பார், அலமாரியில் இருக்கும். உன் டாக்டரும் அதே கதைதான். அங்கே மாத்திரை கிடக்கும்போது இங்கே ஒருவர் சாவார், இங்கே கிடக்கும்போது அங்கே ஒருவர். நம் பாயில் படுத்துக்கொண்டு அந்தக் கணக்கைப் பார்த்த முதல் ஆள் நீதான்.

நீ இரண்டு டாக்டர்களிடமும் போய் வாய் ஓயாமல் பேசினாய். கடைசியில் பாதிப் பாதி என்று ஒத்துக்கொண்டார்கள். என் வார்டில் ஒரு கைப்பிள்ளைக்காரி, உன் வார்டில் ஒரு பள்ளிக்கூட வாத்தியார். இருந்த கொய்னாவைச் சரிபாதியாகப் பிரித்தோம். எவ்வளவு சந்தோஷமாக வீட்டுக்கு வந்தோம், நினைவிருக்கிறதா? இரண்டு பேருக்கும் காய்ச்சல் இறங்கியது. பிறகு திரும்ப வந்தது. இரண்டு பேருமே போய்விட்டார்கள்.

நான் அழுதேன். நீ அழவில்லை, கொதித்துப்போய் இருந்தாய். "பாதி பாதியாப் பிரிச்சது நியாயத்துக்கு இல்லடி சரசு," என்றாய். "நம்ம மனசு நோகக் கூடாதுன்னு பிரிச்சோம்."

அதற்குப் பிறகு நீ கொண்டுவந்ததுதான் அந்தச் சட்டம். கொடுத்தால் ஓர் ஆளுக்கு முழுசாகக் கொடுக்க வேண்டும். உன் ஆஸ்பத்திரிக் கொய்னா யாருக்கு என்று நான் வந்து பார்த்துச் சொல்வேன், என் ஆஸ்பத்திரிக் கொய்னா யாருக்கு என்று நீ வந்து பார்த்துச் சொல்வாய். தினமும் கஞ்சி ஊட்டுகிற ஆளை வைத்துக்கொண்டு நம் கண் சரியாகப் பார்க்காது என்றாய். பிழைக்க வழியுள்ளவர்களில் யார் ரொம்ப மோசமோ, அவர்களுக்கு. எல்லா வார்டையும் பார்க்காமல் வாயைத் திறக்கக் கூடாது. இரண்டு டாக்டர்களும் முனகிக்கொண்டே சரி என்றார்கள். எதிராளி தன் வார்டைப் பார்த்துக் குறை சொல்வானே என்ற பயத்தில், இருவரும் வார்டைத் தேய்த்துக் கழுவி வைத்ததுதான் வேடிக்கை.

அந்தச் சட்டம் உன்னிடமே வந்து நிற்கும் என்று எனக்கு எப்படித் தெரியும்?

நீ காய்ச்சலில் விழுந்து உன் ஆஸ்பத்திரியிலேயே படுத்தபோது, அங்கே ஓர் ஆளுக்குப் போதுமான கொய்னாதான் இருந்தது. எங்கள் அலமாரி காலி. மூவாரிலிருந்து ஒருவன் கொண்டுவருவதாகச் சொல்லியிருந்தான், வந்தபாடில்லை. உன் டாக்டர் என்னைப் பார்த்ததும் "இந்த தடவ கேக்கவே வேணாம் மிஸ்ஸி, கனகத்துக்குத்தான்," என்றார். நானும் வேறு எதையும் நினைக்கவில்லை. எனக்கு இருப்பது ஒரே அக்கா. அம்மாவும் அப்பாவும் போன பிறகு எனக்குச் சோறு போட்டவள். மாத்திரையைக் கையில் வாங்கிக்கொண்டு உன் கட்டிலுக்கு வந்தேன்.

நீ கண்ணைத் திறந்து கேட்டாய்.

"ஆம்பளை வார்டப் பாத்தியா?"

"பாத்தேன்."

"பொய் சொல்லாதடி. உன் கட்டைச் செருப்புச் சத்தம் நேரா இங்கதான் வந்துச்சு."

எனக்கு வந்த கோபம் கொஞ்சமா? காய்ச்சலில் பல் கிடுகிடுக்கிறது, அப்போதும் அதிகாரம். போய்ப் பார்த்துவிட்டு வா என்றாய், போனேன். பார்த்துவிட்டு உடனே திரும்பிவிடலாம் என்றுதான் போனேன். விறகு வண்டி ஓட்டும் முனியன் அங்கே கிடந்தார். பக்கத்தில் அவர் பெண்சாதி அவர் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவளைப் பார்த்து யார் நீ என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

திரும்பி வந்து உன் கால்மாட்டில் நின்றேன்.

"பாத்ததச் சொல்லு," என்றாய்.

"பொண்டாட்டிய யாருன்னு கேக்குறாரு."

"நான்?"

"நீ என்னை ஏசிக்கிட்டு இருக்க."

சிரித்தாய் அக்கா. அந்த நிலையிலும் சிரித்தாய். "அப்பறம் என்னாடி நிக்கிற, போய்க் குடு," என்றாய். நான் இரண்டடி வைத்ததும் திரும்பக் கூப்பிட்டாய். "மூவார்க்காரன் வந்தா மொத மாத்திரை எனக்குத்தான். சொல்லிட்டேன், ஆமா."

மாத்திரையைப் பொடி செய்து, தண்ணீரில் கரைத்து, என் கையால்தான் அவருக்கு ஊட்டினேன். மூவார்க்காரன் வரவே இல்லை. வழியில் பிடித்தார்களோ என்னவோ. மறுநாள் உனக்குக் காய்ச்சல் மூளைக்கு ஏறிவிட்டது. என்னை "அம்மா" என்று கூப்பிட்டாய். அதன் பிறகு எதுவும் பேசவில்லை.

நான் சரியாகத்தான் பார்த்தேனா அக்கா? உன்னைவிட அவர்தான் மோசமாக இருந்தாரா? பார்த்த வரையில் ஆமாம். எத்தனை முறை கண்ணை மூடிப் பார்த்தாலும் ஆமாம் என்றுதான் வருகிறது. வேறு மாதிரி வந்தால் உன் மேல் கோபப்பட வசதியாக இருக்கும்.

முனியன் பிழைத்துக்கொண்டார். நம் வீட்டுக்கும் அவர்தான் விறகு போடுகிறார். அவர் ஒரு மகாத்மாவாக இருக்கக் கூடாதா? சரியான ஆள் அது. ஈர விறகை மேலே காய்ந்த விறகு வைத்து மறைத்து விற்பார். நான் அடுப்பை ஊதி ஊதி இருமி, கண்ணில் தண்ணீர் விட்டுக்கொண்டு கிழங்கு அவிப்பேன். கள்ளு குடித்த நாளில் தெருவே அதிரப் பாடிக்கொண்டு போவார். இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்வேன். போன வாரம் எதிர்வீட்டு ஆளிடம் மார்பைத் தட்டிச் சொல்கிறார், தன் உடம்பு இரும்பாம், கொய்னா ஒரு சிட்டிகைகூட இல்லாமலே எழுந்துவிட்டாராம்! ஊட்டிவிட்டது எதுவும் அவருக்கு நினைவில்லை. அவர் பெண்சாதிக்கும் அது யாருடைய மருந்து என்று தெரியாது. கேட்டுக்கொண்டு நின்ற நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன்.

நேற்று விறகை இறக்கிவிட்டு என்னிடம் கேட்டார். "ஏன் மிஸ்ஸி, என்னைக் கண்டாலே மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிறீங்க? நான் என்னா செஞ்சேன் ஒங்களுக்கு?"

தொண்டை வரைக்கும் வந்துவிட்டது அக்கா. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அவர் நடுத்தெருவில் என் காலில் விழுந்திருப்பார். காய்ந்த விறகாகக் கொண்டுவந்து அடுக்கியிருப்பார். அவர் பெண்சாதி வாரா வாரம் வந்து உட்கார்ந்து உன்னைப் பற்றிக் கேட்டிருப்பாள். உன் பெயரைச் சொல்ல இந்த ஊரில் எனக்கு இன்னும் இரண்டு பேர் கிடைத்திருப்பார்கள். எனக்கு அது வேண்டும் அக்கா. ரொம்ப வேண்டும். வேலை முடிந்து கதவைத் திறந்தால் வீடு சும்மா கிடக்கிறது, பாயில் உன் பக்கம் அப்படியே கிடக்கிறது.

ஆனால் அந்த மனிதர் கேட்டதைப் பார்த்தாயா? என்ன செய்தேன் என்கிறார். ஒன்றும் செய்யவில்லைதான். காய்ச்சலில் படுத்தார், அவ்வளவுதான். உன்னை அவர் தலையில் ஏற்றிவைத்தால், அதற்குப் பிறகு கள்ளுக் குடிக்கும்போதும் பாடும்போதும் நீ அவர் தொண்டையில் நிற்பாய். கொய்னாவைச் சும்மா கொடுத்துவிட்டு நான் பின்னாலேயே போய் விலை கேட்டதுபோல் ஆகிவிடும்.

"வெறகு ஈரமா இருக்கு," என்றேன்.

அடுத்த முறை காய்ந்ததாகக் கொண்டுவருகிறேன் என்று வழக்கம்போல் புளுகிவிட்டு, மாட்டைத் தட்டிக்கொண்டு போனார். நான் உள்ளே வந்து கதவைச் சாத்திக்கொண்டு உன்னைத் திட்டினேன். திட்டி முடித்துத்தான் இதை எழுதுகிறேன்.

உனக்கு வாக்குக் கொடுக்கிறேன். அவரிடம் ஒருநாளும் சொல்லமாட்டேன். கிழவனாகி, பேரன் பேத்தி எடுத்து, சாகிற வரைக்கும் அந்த ஆள் தன் உடம்பு இரும்பு என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரியட்டும். நான் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருப்பேன்.

உன்னைத் திட்ட உரிமை உள்ள ஒரே தங்கை,
சரசு