மச்சான் முறுக்கிய பிரெட்சல்

வெள்ளிக்கிழமை.

யூடியூப்பைப் பார்த்து நான் முறுக்கிய பிரெட்சல், அந்த முடிச்சு ரொட்டி, எல்லாம் அவிழ்ந்துபோயின. கட்டாரிலிருந்து வந்து ஒரு வாரமாகப் படுத்தே கிடந்த என் மாப்பிள்ளை இவர், எழும்பி வந்து மாவை வாங்கினார். நுனி இரண்டையும் பிடித்து ஒரே சுழற்று, முடிச்சு விழுந்துவிட்டது. கோழி சொசேஜுக்கும் பார்க்காமலே மாவைச் சுற்றினார். அப்பச்சோடாத் தண்ணீரில் முக்கியெடுத்து ஓவனில் வைத்தார். வெந்து வந்ததும் மேலே வெண்ணெய் பூசத் தொடங்கினார். பிள்ளைகள் கைதட்டினார்கள்.

எங்களைப் பார்க்க வந்திருந்த என் கூடப்பிறந்த மூத்த காக்கா சிரித்தார்.

"என்ன மச்சான், ஒபிஸ் வேலயெண்டுதானே சொன்ன? இது ஹோட்டல் கையாச்சே!"

இவர் கை அப்படியே நின்றது. ஒபிஸ் மாப்பிள்ளை என்றுதான் என் வாப்பா வீடும் கட்டி, சீதனமும் கொடுத்தார். எனக்கும் அப்படித்தான் சொல்லியிருந்தார்கள். இவர் என் முகத்தைப் பார்த்தார். நான் ஏதாவது சொல்லி மறைத்திருக்கலாம்.

"காக்காட புள்ளையளுக்கும் ஒரு ட்ரே போடுங்க. பழகின வேலதானே" என்றேன்.

இன்னொரு ட்ரே போட்டார். காக்கா பார்சலோடு போனார். நாளைக்குச் சாய்ந்தமருது ஊர் முழுக்கத் தெரிந்துவிடும்.

இப்போது குசினியில் ட்ரே கழுவுகிறார். அங்கிருந்தே கேட்டார்:

"உனக்கு ஒண்டு மூடி வெச்ச. திண்டியா?"

"பூனைக்குப் போட்டுட்டன்."

தண்ணீர்ச் சத்தம் நின்றுவிட்டது. என் விரலில் இன்னும் வெண்ணெய் மணக்கிறது.