டெலிவரி கவுண்டரில் மூன்றாவது ஆள்

ஜூன் 9, திங்கள்
காலையிலேயே புழுக்கம். இரண்டாம் மாடி ஏ.சி.க்கு மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டும்.

பதினோரு மணிக்கு மயிலாப்பூர் மாமி ஒருவரிடமிருந்து போன். வெள்ளிக்கிழமை மகளுக்கு நிச்சயதார்த்தம். "ஆத்துல வந்து பிரிச்சா பட்டுப் புடவையைக் காணோம். ஸ்கூல் யூனிஃபார்ம் துணின்னா இருக்கு." கோபம் இல்லை, அழுகை. நம் ஜவுளிக்கடையில் பை மாறுவது இந்த மாதம் நாலாவது தடவை.

கீழே டெலிவரி கவுண்டரில் நூர்ஜஹான். சேர்ந்து மூன்று மாதம். அவரை அனுப்பிவிட்டு வேறு ஆள் போடச் சொன்னார் முதலாளி. சனிக்கிழமைக்குள் மேனேஜர் என் கையெழுத்தோடு நீக்கக் கடிதம் வேண்டுமாம்.

ஜூன் 10, செவ்வாய்
பட்டு கிடைத்தது. அசோக் நகரில் ஒரு வீட்டில் பிரிக்காமலே இருந்திருக்கிறது. நானே வாங்கிப் போய் மயிலாப்பூரில் கொடுத்தேன். மாமி காபி கொடுத்தார். குடிக்கக் கூச்சம்.

கடிதம் எழுத உட்கார்ந்தேன். போன தடவைக் கடிதத்தில் பெயரை மாற்றினால் போதும். அதற்கு முந்தையதிலும் அதே வரி: கவனக்குறைவு. ஒன்றரை வருடத்தில் ஒரே நாற்காலியில் மூன்று பேர். மூன்று பேருக்குமா கவனம் இல்லை? எழுதவில்லை.

ஜூன் 11, புதன்
நூர்ஜஹானுக்கு வார விடுப்பு. கவுண்டரில் நான். மாடியிலிருந்து பை வரும், டோக்கன் எண் பார்த்துக் கொடுக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை.

மதியம் வரை சரி. ஐந்து மணிக்கு மேல் கூட்டம். ஆறரைக்குள் இரண்டு பையை ஆள் மாற்றிக் கொடுத்துவிட்டேன். ஒருவர் வாசலிலிருந்தே திரும்பி வந்தார். இன்னொருவர் பின்னால் பாண்டி பஜார் பாதி தூரம் ஓட்டம். இரண்டு தடவையும் ஒரே எண்ணில் இரண்டு பை.

பதினெட்டு வருட அனுபவம் எனக்கு.

ஜூன் 12, வியாழன்
நூர்ஜஹானிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "ரெண்டாவது மாடியிலயும் காலைல ஒண்ணுலேர்ந்து டோக்கன், மூணாவதுலயும் ஒண்ணுலேர்ந்து. ரெண்டு இருபத்தேழு வந்து நிக்குது சார். நான் இன்னா பண்றது?"

சேர்ந்த வாரமே என்னிடம் சொன்னாராம். பார்த்துச் செய்யம்மா என்றேனாம். நினைவில்லை. சொல்லியிருப்பேன்.

மாடிக்கு மாடி தனி டோக்கன் என் யோசனைதான். ஒரு தீபாவளிக் கூட்டத்தில் கொண்டுவந்தது.

ஜூன் 13, வெள்ளி
மழை. வியாபாரம் மந்தம்.
முதலாளியிடம் சொல்லிவிட்டேன்: கோளாறு டோக்கனில், டோக்கன் என்னுடையது. "அப்ப உம்மத்தான் அனுப்பணும்" என்றார். பிறகு மூன்றாம் மாடிக்கு மஞ்சள் டோக்கன் அடிக்கச் சொன்னார்.

முன்னால் போன இருவரைப் பற்றி அவர் கேட்கவில்லை. நானும் பேச்செடுக்கவில்லை. உறுத்துகிறது.

ஜூன் 19, வியாழன்
மஞ்சள் டோக்கன் வந்து நாலு நாள். ஒரு பையும் மாறவில்லை, இன்று சாயங்காலம் வரை.

நூர்ஜஹான் மூச்சு வாங்க மாடியேறி வந்தார். போன் பேசிக்கொண்டே ஒரு அம்மாவிடம் பக்கத்துப் பையை எடுத்து நீட்டிவிட்டாராம். அவர் சொல்லியிராவிட்டால் நாளைக்குப் போன் வரும்வரை எனக்குத் தெரிந்திருக்காது. "டோக்கன் இல்ல சார், இது நான்தான். அந்தம்மா பஸ் ஸ்டாப்புலதான் நிக்கிறாங்க, மாத்திக் குடுத்துட்டு வந்துர்றேன்."

என் பதிலுக்குக் காத்திராமல் இறங்கிப் போனார்.